அக்காவைவிட இளையவள்

மஞ்சக்கல் தேயிலை எஸ்டேட்டில் ஆங்கிலம் பலிக்க ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம், பிள்ளைக் காப்பகத்தின் தகரக் கூரைமேல் மழை விழுந்துகொண்டிருந்தபோது. அதற்கு முன்னால் அங்கே ஆங்கிலமே இல்லை என்று சொல்ல முடியாது. உர மூட்டைகளிலும் பூச்சிமருந்து டப்பாக்களிலும் மானேஜர் பங்களாவின் கேட்டிலும் அது எழுதப்பட்டுத்தான் இருந்தது, ஆனால் அதனால் யாருடைய உடம்பும் ஒரு விரற்கடைகூடக் கூடியதோ குறைந்ததோ இல்லை.

கொழுந்து விலை இறங்கி, டிவிஷன்கள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டு, தொழிலாளிகளின் லயன் வீடுகளில் பாதிக்குமேல் பெரணிச் செடிகள் குடியேறிவிட்ட காலம் அது. வெளிநாட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெண்களை அனுப்பும் ஏஜென்சிக்காரர் ஒருவர் மலையேறி வந்து, குளிர் பழகிய கைகள்தான் அந்த ஊருக்குத் தோது என்றும், நாலு வார்த்தை இங்கிலீஷ் வந்தால்தான் கூட்டிப்போக முடியும் என்றும் சொல்லிவிட்டு, கீழே டவுனிலிருந்து அருள்செல்வி என்ற இளம் டீச்சரை பஸ்ஸில் அனுப்பிவைத்தார். பெண்கள் கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு, இடுப்பில் கட்டிய படுதாவை அவிழ்க்காமல், அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வந்து, குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்தார்கள்.

அவர்களில் செங்கமலமும் தெய்வானையும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே மழையில் பிறந்தவர்கள். முந்திய செங்கமலத்தின் தொப்புள்கொடியைக் கட்டி முடிப்பதற்குள் தெய்வானை வந்துவிட்டதாக மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அவர்கள் பறித்த கொழுந்து தராசு முள்ளை ஒரே இடத்தில் நிறுத்தியது. ஒருத்தி ரவிக்கைக்கு அளவு கொடுத்தால் மற்றவளுக்கும் அதுவே போதும். செங்கமலத்தின் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். தெய்வானையின் புருஷன்மேல் சில்வர் ஓக் மரம் விழுந்தது. அதற்குப் பிறகு இருவரும் ஒரே லயன் வீட்டில், தெய்வானை பெற்ற மகள் நிலாமதியை இருவருமாக வளர்த்துக்கொண்டு, நாற்பதை எட்டப்போகும் வயதுவரை வந்திருந்தார்கள். நிலாமதி இருவரையும் அம்மா என்றே கூப்பிட்டாள்.

அந்தப் புதன்கிழமை அருள்செல்வி டீச்சர் கரும்பலகையில் ‘டால்’ என்று எழுதி, அதன் பக்கத்தில் ‘டாலர்’ என்று எழுதினாள். ஏஜென்சிக்காரரும் அதைத்தான் சொன்னார் என்று யாரோ சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பணம் வேறு என்று டீச்சர் விளக்கினாள்.

“நம்ம பாஷையில சொல்லுக்கு ஒண்ணும் ஆகாது. உயரம்னா உயரந்தான். அவளைவிட உயரம், இவளைவிட உயரம்னு பக்கத்துல ‘விட’ சேர்த்துக்குவோம். இங்கிலீஷ்ல சொல்லுக்கே வால் முளைச்சிரும்.”

“விடன்னா, விட்டுட்டுப் போறதுங்களா டீச்சர்?” என்று கேட்டாள் செங்கமலம்.

அது வேறே ‘விட’ என்றாள் டீச்சர். எப்படி வேறு என்று சொல்லாமலே பாடத்துக்குத் திரும்பிவிட்டாள். தெய்வானையை எழுந்து நிற்கச் சொல்லி, ‘ஐ ஆம் டாலர் தேன் மை சிஸ்டர்’ என்று சொல்லச் சொன்னாள். நாங்கள் ஒரே உசரம்தானே, பொய் எப்படிச் சொல்வது என்று தெய்வானை தயங்கினாள். பாடத்துக்காகத்தானே, சும்மா சொல்லுங்கள் என்றாள் டீச்சர். தெய்வானைக்கு எதையும் சும்மா சொல்லிப் பழக்கமில்லை. பாசி பிடித்த கல்லில் கால் வைப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்து, அதன் அர்த்தத்தை மனசில் நிறுத்திக்கொண்டு, அடுத்த சொல்லுக்குப் போனாள். அவள் உட்கார்ந்தபோது நாற்காலி அவளுக்கு இன்னும் சிறிதாகியிருந்தது, பக்கத்து நாற்காலியில் செங்கமலத்தின் பாதங்கள் தரையைத் தொடவில்லை.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட சூப்பர்வைசர், சகோதரிகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நெட்டையாகிவிட்டவளை மேல்வரிசைச் செடிகளுக்கும் குட்டையாகிவிட்டவளைக் கீழ்வரிசைக்கும் போகச் சொன்னார். அவ்வளவுதான். மழை தாமதமாக வந்த வருஷங்களையும் யானை வந்து ரேஷன் கடைச் சுவரை இடித்த வருஷங்களையும் பார்த்த ஜனங்கள், இதையும் அப்படி வந்த ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். தெய்வானையின் சேலைக்கு அடியில் ஒரு துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்த டெய்லர், அந்தத் துண்டை செங்கமலத்தின் சேலையிலிருந்தே கிழித்து எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொருத்தியாகச் சொல்லிப் பார்த்தார்கள். என் கூடை ரோசம்மா கூடையைவிடக் கனம் என்று ஒருத்தி ஆங்கிலத்தில் சொல்ல, தராசில் அவள் கூடை ஏறவும் ரோசம்மாவின் கூடை இறங்கவும் செய்தது. மொத்த எடையில் ஒரு கிலோ கூடவும் இல்லை குறையவும் இல்லை என்பதால் ஆபீசில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. என் வீடு அடுத்த வீட்டைவிடக் கதகதப்பு என்று ஒருத்தி சொன்ன வாரத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் அரிசிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். பாடத்தைச் சரியாகக் கேட்காத ஒருத்தி ‘பியூட்டிஃபுல்லர்’ என்று தப்பாகச் சொல்லிவிட, ஒரு கன்னம் மட்டும் அழகாகி, கல்யாணத்துக்குப் போனால் அந்தப் பக்கத்தைக் காட்டியே உட்கார வேண்டியதாயிற்று. ஆனால் அருள்செல்வி டீச்சர் எத்தனை வாக்கியம் சொன்னாலும் எதுவும் நடக்கவில்லை; அவள் வாயில் அவை வெறும் பாடமாக வந்து பாடமாகப் போயின.

முன்பெல்லாம் அந்த லயன்களில் யாரைப் பற்றிக் கேட்டாலும் ‘அவளும் இருக்கா’ என்றுதான் பதில் வரும். இப்போது யார் யாரைவிட என்று தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகு அதைத் தெரியாததாக்க யாருக்கும் வழி தெரியவில்லை. தண்ணீர்க் குழாயடியில் வார்த்தை முற்றியது. ஒரே அடுப்பில் நெருப்பு எடுத்துக்கொண்டவர்கள் தீப்பெட்டி வாங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் மாரியம்மன் கோயில் முன்னால் கூடிப் பேசி, இனிமேல் மனுசரோடு மனுசரை ஒப்பிடுவதில்லை, வேண்டுமானால் காட்டோடும் கல்லோடும் ஒப்பிட்டுக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். பாறையைவிட நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று ஒருத்தி சொன்னாள். கோயிலுக்குப் பின்னால் இருந்த பாறையில் நீர் கசிய ஆரம்பித்து, அந்தக் கோடை முழுக்க நிற்கவே இல்லை. சிறுத்தையைவிட வேகம் என்று இன்னொருத்தி சொன்ன மறுவாரம், குப்பைமேட்டில் ஒரு சிறுத்தை பின்னங்காலை இழுத்துக்கொண்டு கோழிக்குடல் பொறுக்கியது. அதைப் பார்த்த பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

டால், டாலருக்குப் பிறகு வரும் மூன்றாவது படியை டீச்சர் சொல்லித்தர வந்த நாளில், இதற்கு ‘விட’ தேவையில்லை, இந்தச் சொல் தனியாகவே நிற்கும் என்றாள். அப்படியென்றால் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று ரோசம்மா கேட்டாள். யாருமே இல்லை, எல்லாருக்கும் மேலே அவள் ஒருத்திதான் என்று டீச்சர் சொன்னாள். பிறகு ஒருத்தி எழுந்துபோய்க் கரும்பலகையைத் தன் முந்தானையால் துடைத்தாள். டீச்சர் தடுக்கவில்லை. மஞ்சக்கல்லில் அந்தச் சொல்லை யாரும் கற்றுக்கொள்ளாமலே போனார்கள்.

மழை விட்டதும் ஏஜென்சிக்காரர் திரும்பி வந்தார். வகுப்பிலிருந்து ஒருத்தியைத்தான் இந்த முறை எடுக்க முடியும், பேசுவது தெய்வானைதான் நன்றாகப் பேசுகிறாள், ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் முகத்தைப் பார்த்து எடுப்பவர்கள், இந்த வயதில் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லி, இன்டர்வியூ தேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நிலாமதி அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். அவர்கள் இருந்த டிவிஷனையும் தை பிறந்தால் பூட்டப்போகிறார்கள் என்ற பேச்சு இருந்தது.

அன்று சாயங்காலம் பால் இல்லாத டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு, செங்கமலம் தங்கைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“சொல்லு.”

என்ன சொல்ல வேண்டும் என்று தெய்வானைக்குத் தெரிந்தது. முடியாது என்றாள். உசரம் போனதே போதும், உன் ஆயுசையுமா எடுப்பேன் என்றாள். செங்கமலம் கோபப்படவில்லை. தனக்குப் பின்னால் பிள்ளையில்லை, புருஷன் இருந்தும் இல்லை, எந்த வயதில் இருந்தாலும் கொழுந்து கொழுந்துதான் என்றாள். நிலாமதியும் இந்தக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அட்டைக்குக் காலைக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள். ஒரு தரம் சொல்லு, ஒரு தரம்தானே என்றாள்.

தெய்வானை ஒரு தரம் சொன்னாள். ‘ஐ ஆம் யங்கர் தேன் மை சிஸ்டர்.’ ஆனால் அந்தத் ‘தேன்’ அவளுக்கு எப்போதுமே சரியாக வராது. நம் வாயில் இனிக்கும் தேனாக வந்து விழும். வகுப்பில் அது முதலில் சரியாக வந்தது செங்கமலத்துக்குத்தான்.

“நாக்கைப் பல்லுக்கு நடுவுல வை. காத்து வரணும். இன்னொரு தரம்.”

இன்டர்வியூவில் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், திருத்தமாகச் சொல் என்றாள் செங்கமலம். தெய்வானை அக்காவைப் பார்க்கப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள். இன்னொரு தரம் என்றது எதிரிலிருந்த குரல். சொன்னாள். காத்து போதலை, இன்னொரு தரம். சொன்னாள். இப்போது நாக்கு முன்னால் வந்துவிட்டது, இன்னொரு தரம். ஒவ்வொரு தரமும் தெய்வானையின் முழங்காலில் இருந்த பழைய வலி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது, மூச்சு லேசாகியது, இருபதுகளில் இருந்ததுபோல உடம்புக்குள் ஒரு துள்ளல் வந்து உட்கார்ந்தது, அது வந்து உட்கார உட்கார அவள் இமைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். ஒவ்வொரு தரமும் எதிரிலிருந்த குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்தது. அடுப்பு அணைந்து, டீ ஆறிப்போனது.

“இப்ப சரியா வந்திருச்சு” என்றது ஒரு கிழவியின் குரல்.

தெய்வானை கண்ணைத் திறந்தாள். செங்கமலம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். அவள் தலை முழுக்கப் பஞ்சாகியிருந்தது. கை வளையல்கள் முழங்கைவரை சரிந்திருந்தன. தெய்வானை ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கியபோது, அவள் வாயிலிருந்து, பிறந்ததிலிருந்து ஒருநாளும் வராத சொல் வந்தது.

“அக்கா” என்றாள்.

செங்கமலம் சுவரை விட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, “டீ ஆறிப்போச்சு, சுட வை” என்றாள்.

பெட்டியிலிருந்த சான்றிதழ்களை மறுநாள் எடுத்துப் பார்த்தபோது, அவையும் அவரவர் முகத்துக்கு ஏற்ற வருஷங்களையே சொல்லின. இன்டர்வியூவில் தெய்வானையை எடுத்துக்கொண்டார்கள். எஸ்டேட் ஆபீசில் செங்கமலத்துக்கு வயது முடிந்துவிட்டது என்று சொல்லி, சக தொழிலாளிகளை நிறுத்திவைத்து, ஒரு மாலையும் ஒரு எவர்சில்வர் குடமும் கொடுத்து வேலையிலிருந்து அனுப்பினார்கள். சின்ன வயதில் கூடப் பாண்டி ஆடியவர்கள் அவளை அம்மா என்று கூப்பிட்டு, குழாயடியில் அவள் குடத்தை வாங்கிப் பிடித்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது சிரமமாக இல்லை. நிலாமதி மட்டும் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், பக்கத்தில் வந்து நின்று பேச ஆரம்பிக்கப் பழகினாள். தங்கை அனுப்பிய பணத்தை வைத்து நிலாமதியைக் கோயம்புத்தூரில் நர்சிங் சேர்த்துவிட்டு, செங்கமலம் லயன் வீட்டில் தனியாக இருந்தாள்.

தெய்வானை போன ஊரில் பனி பெய்தது. அங்கே ஒரு பெரிய வீட்டில், படுக்கையோடு கிடந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவியைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, கால் பிடித்துவிட்டு இருந்தாள். அந்தப் பாதங்களைத் துடைக்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு மஞ்சக்கல்லுக்குப் போய்விடும். அங்கே எல்லாரும் காலையிலிருந்து சாயங்காலம்வரை ‘பெட்டர்’, ‘பெஸ்ட்’ என்று பேசிக்கொண்டே இருந்தார்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. போன முதல் மாசத்திலிருந்தே அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நான் என் அக்காவைவிட மூத்தவள் என்று அவர்கள் பாஷையில் சொல்லிப் பார்ப்பாள். சொல்லிவிட்டு ஊருக்குப் போன் போட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். செங்கமலம் இருமிவிட்டு, அப்படியே இருக்கு என்பாள். தள்ளியிருப்பதால்தான் பலிக்கவில்லை, கிட்டே போனால் பலிக்கும் என்று தெய்வானை நினைத்துக்கொண்டாள். அவளுடைய ஆங்கிலமோ நாளுக்கு நாள் வழுவழுப்பாகி, கிழவியின் மகன் மெச்சும்படி, நினைக்காமலே வர ஆரம்பித்தது.

சில குளிர்காலங்கள் கழித்து அந்தக் கிழவி இறந்ததும் தெய்வானை மலையேறி வந்தாள். கதவைத் திறந்த செங்கமலம் அவர்களுடைய செத்துப்போன அம்மாவைப்போல இருந்தாள். தெய்வானை பையைக் கீழே வைக்கவில்லை, செருப்பைக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்று, திருத்தமாக, காற்று சரியாக வர, அந்த வாக்கியத்தைச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பச் சொன்னாள். வேண்டுமென்றே திக்கிச் சொன்னாள், பழைய மாதிரி தேன் என்று சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். செங்கமலம் அவள் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, உள்ளே வா, சாரல் அடிக்குது என்றாள்.

ராத்திரிக்கு முன்பே தெய்வானை அருள்செல்வி டீச்சருக்குப் போன் செய்து கேட்டாள். டீச்சர், “உங்களுக்கு இங்கிலீஷ் வந்திருச்சுக்கா. வந்திருச்சுன்னா அப்புறம் அது வெறும் பேச்சுதான்” என்றாள்.

அதற்குப் பிறகு தெய்வானை செங்கமலத்தின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். நீ சொல்லு என்று கெஞ்சினாள். உனக்கு இன்னும் அது புதுசாகவே இருக்கிறது, நீ சொன்னால் பலிக்கும், உன்னுடையதை நீ எடுத்துக்கொள் என்றாள்.

“எனக்குச் சொல்லத் தெரியும்” என்றாள் செங்கமலம். “நீ போன நாள்லருந்து தெனமும் நாக்கு நுனியில வந்து நிக்கும். முட்டி வலிக்கிறப்ப நிக்கும். குடம் கைநழுவுறப்ப நிக்கும். அதுக்குப் பயந்துதான் நான் யாரோடவும் பேச்சையே கொறைச்சுக்கிட்டேன்.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ இங்க உக்காந்திருப்ப, நான் அங்க நின்னுட்டிருப்பேன். யாராச்சும் ஒருத்தி உக்காந்துதானே ஆகணும்.”

தெய்வானை விடவில்லை. இரண்டு பேரும் ஒன்று என்று சொல்வதற்கும் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் இருக்கிறது, அதில் கூடுதல் குறைச்சல் இல்லை என்றாள். ‘ஐ ஆம் ஆஸ் ஓல்ட் ஆஸ் மை சிஸ்டர்.’ சின்ன வாக்கியம், நான் சொல்லித்தருகிறேன், என் பின்னாலேயே சொல்லு என்றாள். செங்கமலத்தின் உதடுகள் முதல் சொல்லுக்கு ஒருமுறை குவிந்தன. பிறகு அவள் நிறுத்திவிட்டு, தங்கையின் கறுத்த தலைமுடியைப் பார்த்தாள்.

“அது எந்தப் பக்கமா ஒண்ணாக்கும்?”

அக்காவைத் தன் வயதுக்குக் கொண்டுவருமா, தன்னை அக்காவின் வயதுக்குக் கொண்டுபோகுமா, நடுவில் எங்காவது நிறுத்துமா என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. எதுவானாலும் சரி என்று தெய்வானை சொல்லிப் பார்த்தாள். நிலாமதிக்கு ஒரு அம்மாவாவது திடமாக நிற்க வேண்டும் என்று சொல்லி செங்கமலம் வாயை மூடிக்கொண்டாள், அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் உதட்டைக் கையால் பொத்திக்கொண்டாள்.

தெய்வானை திரும்பிப் போகவில்லை. அக்காவுக்குத் தலை துவட்டி, கஞ்சியை ஆற்றி, வெயில் வந்தால் வெளியே உட்காரவைத்து, மேகம் இறங்கினால் உள்ளே தூக்கிவந்து, கடல் தாண்டிக் கற்ற வேலையை எல்லாம் அந்த ஒற்றை அறையில் செய்தாள். ஆனி மாதத்து மழையில், தெய்வானை தன் மடியில் அக்காவின் பாதங்களை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, செங்கமலம் இறந்துபோனாள். வயதானவள், நல்ல சாவு என்றார்கள் வந்தவர்கள். அதைக் கேட்டதும் தெய்வானை தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அத்தனை வயதான அக்காவுக்காக இந்தச் சின்ன வயதுக்காரி இப்படி அழுகிறாளே என்று, விஷயம் தெரியாத புது ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

ஏஜென்சிக்காரர் பிறகு வரவில்லை. பிள்ளைக் காப்பகம் பூட்டப்பட்டது. நிலாமதி நர்ஸாகி, கல்யாணமாகி, கீழேயே தங்கிவிட்டாள். கூட வந்து இருக்கச் சொல்லிப் பலமுறை கூப்பிட்டாள். தெய்வானை மறுத்துவிட்டு, பூட்டாமல் மிஞ்சிய டிவிஷனில் கொழுந்துக்குப் போனாள். ஆங்கிலத்தில் அவள் அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை. வருஷங்கள் யாரும் எதுவும் சொல்லாமலே வந்தன. முட்டிவலி திரும்பி வந்தது. காதோரத்தில் ஒரு முடி வெளுத்தது, அதைப் பார்த்து மற்றவை வெளுத்தன. நெட்டையான உடம்பு கூன் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அளவுக்கு இறங்கியது. அவளுக்கும் ஆபீசில் வயது முடிந்தது, அவளுக்கும் ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள்.

ஒரு மார்கழிக் காலை. கை நீட்டினால் கை தெரியாத அளவுக்கு மேகம் லயனுக்குள் இறங்கியிருந்தது. தெய்வானை குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணில் புரை விழுந்த ரோசம்மா சுவரைத் தடவிக்கொண்டு வந்து, கிட்டே நெருங்கி, அவள் முகத்தையே சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

“செங்கமலம், தண்ணி வந்திருச்சா?”

தெய்வானை குடத்தின் கழுத்தைப் பிடித்தபடி நின்றாள். குழாயில் முதலில் காற்று வந்து, பிறகு தண்ணீர் வந்தது.

“வந்திருச்சு ரோசம்மா” என்று சொல்லிவிட்டு, தன் குடத்தை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டாள்.